மீசை வைப்பதும் ஒரு போராட்டமா?

கேள்வி: சென்ற இதழில் சீன நாடக நடிகர் மெய் லான்ஃபாங்கை ‘உலக மேடை கண்ட மகா நடிகர்’ என்று எழுதியிருந்தீர்கள். பெண்கள் நாடகத்துக்கு வராத காலத்தில் வேறு ஆள் கிடைக்காமல் பையன்களுக்குப் புடவை கட்டி மேடை ஏற்றினார்கள். அந்த ஏற்பாட்டைப் போய் மகா கலை என்பது கொஞ்சம் ஓவர் இல்லையா? போதாக்குறைக்கு, ஜப்பான்காரனை எதிர்த்து மீசை வளர்த்தார் என்று வேறு புகழ்ந்திருக்கிறீர்கள். மீசை வைப்பதும் ஒரு போராட்டமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: மீசையிலிருந்தே ஆரம்பிப்போம்.

நீங்களோ நானோ மீசை வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். மெய் லான்ஃபாங் வைத்தால் பிழைப்பு போச்சு. கிட்டத்தட்ட நாற்பது வருஷமாக ராணியாகவும் தேவதையாகவும் மேடையில் நின்ற முகம் அது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஹாங்காங்கைப் பிடித்தபோது அவர் அங்கேதான் குடியிருந்தார், வயது 47. ஜப்பானியர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். 1919லும் 1924லும் அவர்களே அழைத்து, டோக்கியோவில் கொண்டாடிய நடிகர். இப்போது அவர் மறுபடி மேடையேறினால், ஊரில் எல்லாம் சுமுகமாக இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டிக்கொள்ளலாம். அதனால் அவர் சவரம் செய்வதை நிறுத்தினார்.

1942இல் ஷாங்காய்க்குத் திரும்பினார். அங்கேயும் ஜப்பானியர்கள் விடவில்லை. கடைசியில் தெரிந்த டாக்டரிடம் சொல்லி, டைபாய்டு தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு காய்ச்சலை வரவழைத்துப் படுத்துக்கொண்டார். சோதிக்க வந்த ராணுவ டாக்டர் உடம்பு கொதிப்பதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வருமானம் நின்றதும் ஓவியம் வரைந்து விற்றார், பீஜிங் வீட்டையும் விற்றார். இவரை நம்பி ஒரு குழுவே இருந்தது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1945இல் ஜப்பான் சரணடைந்த பிறகுதான் மீசையை எடுத்தார். ஆனால் பல வருஷம் பாடாத தொண்டை பீஜிங் இசை நாடகத்தின் உச்ச சுருதிக்கு ஏறவில்லை. அதனால் குரலை அவ்வளவு இழுக்காத, புல்லாங்குழலோடு பாடும் ‘குன்ச்சூ’ என்ற பழைய பாணி நாடகங்களோடுதான் மேடைக்குத் திரும்ப முடிந்தது.

சரி, இனி ஆள் பற்றாக்குறைக்கு வருவோம். நீங்கள் சொல்வதில் பாதி சரி. சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசர்கள் காலத்தில் பெண்கள் பொது மேடையேறத் தடை இருந்தது. ‘டான்’ என்று சீனர்கள் சொல்லும் பெண் பாத்திரங்கள் ஆண்கள் கைக்குப் போனதற்கு அது பெரிய காரணம். ஆனால் 1912இல் முடியாட்சி ஒழிந்தது. அடுத்த சில வருஷங்களிலேயே பீஜிங் மேடைகளிலும் நடிகைகள் வந்துவிட்டார்கள். மெய் லான்ஃபாங்கின் பெயர் ஓங்கியது அதற்கு அப்புறம்தான்.

மெங் சியாவ்தோங் என்று ஒரு நடிகை. அவர் கட்டிய வேஷம் என்ன தெரியுமா? நெஞ்சுவரை தாடி தொங்கும் ராஜாக்கள், மந்திரிகள். கூட்டம் அலைமோதியது. பீஜிங்கில் தாடிக்கார வேஷத்துக்கு ஆண்பிள்ளைகளுக்கா பஞ்சம்? (மெங்கும் மெய்யும் சில வருஷம் சேர்ந்து வாழ்ந்ததும் பிரிந்ததும் வேறு கதை. அன்றைய பத்திரிகைகள் அதைப் போதுமான அளவு மென்றுவிட்டன. நான் தொடவில்லை.) அந்த மேடையில் வேஷம் என்பது பிறப்பைப் பார்த்துக் கொடுப்பதில்லை. குரல், நடை, கை, கண் நான்கும் அந்தப் பாத்திர வகைக்குப் பழகியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

பழகுவது எப்படி என்று மெய் லான்ஃபாங்கே தன் நினைவுக்குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். 1894இல் நடிகர் குடும்பத்தில் பிறந்தவர். தாத்தா பேர்போன டான் நடிகர், அப்பாவும் நடிகர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். முதலில் வந்த வாத்தியார், சாதாரண நாலு வரிப் பாட்டே பையனுக்கு ஏறவில்லை என்று பார்த்துவிட்டு, இந்தத் தொழிலில் உனக்குச் சோறு எழுதவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முகத்திலும் ஈர்ப்பில்லை, கண்ணில் கொஞ்சம் கிட்டப்பார்வை, இமை தொங்கும். நீங்கள் நினைப்பதுபோல அழகான பையனாகப் பார்த்துப் பிடித்துவந்து உடுத்திவிடவில்லை.

அடுத்து வந்த வூ லிங்சியான் பொறுமைசாலி. மேஜைமேல் பத்துச் செப்புக்காசுகளை அடுக்கிவைப்பார். பையன் ஒரு பாட்டை முழுக்கப் பாடினால் ஒரு காசு பக்கத்துத் தட்டுக்குப் போகும். பத்தும் போனதும் மறுபடி எடுத்து அடுக்குவார், மறுபடி முதலிலிருந்து. ஒரு பாட்டுக்கு இருபது முப்பது தடவை. பாடிக்கொண்டே பையன் கண்ணயர்ந்தால் அடிக்கமாட்டார், லேசாகத் தட்டி எழுப்புவார். காலுக்கு வேறு பயிற்சி. அந்தக் காலத்துச் சீனப் பெண்களின் கட்டுப்பட்ட பாதம் போல நடக்க, காலில் சின்ன மரப்பாதங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பெஞ்சு, அதன்மேல் ஒரு செங்கல், அந்தச் செங்கல்மேல் மரப்பாதத்தோடு ஓர் ஊதுபத்தி எரிந்து முடியும்வரை நிற்க வேண்டும். குளிர்காலத்தில் முற்றத்தில் தண்ணீரை ஊற்றி உறையவிட்டு, அந்தப் பனிக்கட்டிமேல் ஓட்டம். கண்ணுக்கு மருந்து புறா. பதினேழு வயதுவாக்கில் புறா வளர்க்க ஆரம்பித்தவர், நீள மூங்கிலை ஆட்டி அவற்றை மேலே ஏவிவிட்டு, எது தன் புறா என்று உயரத்தில் தேடித்தேடியே பார்வையை ஓடவிடப் பழகினார். மூங்கிலைச் சுழற்றியதில் தோளும் கையும் பலப்பட்டன.

அப்புறம், புடவை என்று எழுதியிருக்கிறீர்கள். அது நம் ஊர். அங்கே கட்டுவது நீள அங்கி. கையின் நுனியில் வெள்ளைப் பட்டு முழக்கணக்கில் தொங்கும். அதை உதறுவது, மடிப்பது, வீசுவது எல்லாவற்றுக்கும் தனித்தனி அர்த்தம் உண்டு.

அவர் வெறுமனே கற்றதை ஒப்பித்தவர் இல்லை. 1912வாக்கில் ஒரு பழைய நாடகத்தில் நடித்தார். பதினெட்டு வருஷம் கழித்து ஊர் திரும்பிய கணவன், குகைவீட்டு வாசலில் நின்று தான் யார் என்று நெடுநேரம் பாடுகிறான். உள்ளே மனைவி, மரபுப்படி, முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த சீ ரூஷான் என்ற ரசிகர் வீட்டுக்குப் போய் நீண்ட கடிதம் எழுதினார்: பதினெட்டு வருஷமாகக் காணாத புருஷன் வாசலில் புலம்பும்போது ஒருத்தி கல்லாக இருப்பாளா? ஒவ்வொரு வரிக்கும் அவள் முகத்தில் சந்தேகமும் நம்பிக்கையும் வந்து போகவேண்டாமா? அப்போதே பேர் எடுத்திருந்த நடிகர், முன்பின் பழக்கமில்லாத ஒருவரின் கடிதத்தைப் படித்தார். அடுத்த முறை அப்படியே நடித்தார். அந்த ரசிகரே பிறகு அவருக்கு நாடகம் எழுதித் தருபவரானார். அதுவரை பாடும் குலமகள், துடுக்குப் பெண், வாள் சுற்றும் வீராங்கனை என்று தனித்தனி நடிகர்களுக்குப் பிரித்துவைத்திருந்ததை ஒரே பாத்திரத்தில் கலந்ததும், தன் ஆசான்களில் ஒருவரான வாங் யாவ்சிங் போட்ட வழியில் இவர் செய்த வேலை. வாசகர் கடிதங்களால் நல்லது நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த அத்தாட்சி சீ ரூஷானின் கடிதம்தான். என் மேஜைக்கு வருபவை பெரும்பாலும் வேறு ரகம்.

1930இல் அமெரிக்கா போனார், பொருளாதாரம் படுத்துக்கிடந்த சமயத்திலும் நியூயார்க்கில் டிக்கெட் கிடைக்கவில்லை, இரண்டு கௌரவ டாக்டர் பட்டங்களோடு வந்தார். அதைவிட எனக்குப் பிடித்தது 1935 மாஸ்கோ. அங்கே ஒரு சாதாரண அறை. ஒப்பனை இல்லை, விளக்கு ஜோடனை இல்லை, அங்கி இல்லை. விருந்துக்குப் போடும் கோட்டு சூட்டில் நின்று, பெண் பாத்திரத்தின் அசைவுகளைச் செய்துகாட்டினார். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் அதைப் பார்த்துவிட்டு ஒரு கட்டுரையே எழுதினார். நடிகர் பாத்திரத்துக்குள் மறைந்துபோகாமல், அதைப் பக்கத்தில் நின்று காட்டவும் முடியும் என்று அவர் பேசிவந்ததற்கு இதோ ஆதாரம் என்று. ரஷ்ய இயக்குநர் மேயர்ஹோல்டு இன்னும் ஒரு படி மேலே போனார். மெய்யின் கைகளைப் பார்த்த பிறகு நம் நடிகர்களின் கைகளை வெட்டிவிடலாம், இருந்தும் பிரயோஜனமில்லை என்ற பொருளில் பேசினார். நீங்கள் சொல்லும் புடவை அந்த அறையில் எங்கே இருந்தது?

இன்னொன்று. பெண்கள் இந்தக் கலைக்கு வருவதை அவர் தடுக்கவில்லை. பெண் சிஷ்யைகளைச் சேர்த்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். இன்று மெய் பாணி என்று பாடுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவருடைய மகன் மெய் பாவ்ஜியூவும் அதே வேஷத்தைக் கட்டினார். ஆள் கிடைத்ததும் தூக்கிப்போட்டுவிட வேண்டிய ஏற்பாடாக யாரும் அதைப் பார்க்கவில்லை.

1955இல் அவர் நாடகக் காட்சிகளை வண்ணத்தில் படமாக்கினார்கள். தேடினால் கிடைக்கிறது. அதில் ‘மதுமயங்கிய ராணி’ காட்சியை மட்டும் பாருங்கள். வருவதாகச் சொன்ன ராஜா வேறொருத்தி மாளிகைக்குப் போய்விட்டான். ராணி குடிக்கிறாள். முதல் கிண்ணத்தை விசிறியால் மறைத்துக் கௌரவமாக. போகப்போக, கையால் தொடாமல் பல்லால் கிண்ணத்தைக் கவ்வி, இடுப்பைப் பின்னால் வில்லாக வளைத்து, தலை தரையை நோக்கித் தொங்க. ஆடியவருக்கு அப்போது வயது அறுபது. அதைப் பார்த்த பிறகும் உங்கள் கருத்து மாறவில்லையென்றால் எழுதுங்கள், ஒரு வரி வெட்டாமல் போடுகிறேன்.