பதில் சொல்பவரைக் கண்டு ஏன் பயப்படுகிறார்கள்?

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்பவர்களுக்கான தமிழ் டெலிகிராம் குழு ஒன்றில் சில வருடங்களாகப் பதில் சொல்லி வருகிறேன். இதற்காக யாரிடமும் பைசா வாங்கியதில்லை. ஆனால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஸ்கிரீனை செல்போனில் படம் பிடித்து, "சார் அர்ஜென்ட்" என்று போடுகிறார்கள். தீர்வு கிடைத்ததும் நன்றிகூடச் சொல்லாமல் காணாமல் போகிறார்கள். போன மாதம் ஒரு பையன், "பிப் போட்டு இன்ஸ்டால் பண்ணிட்டேன், அப்பவும் மாட்யூல் நாட் ஃபவுண்ட்னு வருது" என்று கேட்டான். (பிப் என்பது பைத்தானுக்கான மாட்யூல்களை, அதாவது தயாராக இருக்கும் நிரல் தொகுப்புகளை, நிறுவும் கருவி.) "கூகுள் பண்ணத் தெரியாதா? முதல்ல எரரைப் படி" என்று எழுதினேன். அவன் குழுவை விட்டே போய்விட்டான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் டீமில் இருக்கும் ஒரு பெண், "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. நானும் அந்தக் குரூப்ல இருக்கேன். உங்க பதிலையெல்லாம் பார்த்துட்டுத்தான் நான் எதுவுமே கேட்கறதில்ல" என்றாள். அன்றிலிருந்து மனசு சரியில்லை. உதவி செய்வது தப்பா? அரைகுறையாகத் தெரிந்தவர்கள் தவறான பதில் சொன்னால் திருத்தாமல் எப்படி இருப்பது? பேசாமல் விலகிவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

விலக வேண்டாம். வேலை முடிந்து வந்த பிறகு, முகம் தெரியாதவர்களின் புரோகிராம் கோடைப் படித்துப் பிழை தேடிக் கொடுப்பவர்கள் குறைவு. அதுவும் தமிழில் சொல்லித் தருபவர்கள் இன்னும் குறைவு. உங்களைப் போன்றவர்கள் கிளம்பிவிட்டால் அந்தக் குழுவில் கேள்விகள் மட்டும்தான் மிஞ்சும்.

உங்கள் அலுப்பும் நியாயமானது, அது பழைய அலுப்பும்கூட. இணையம் பொதுமக்களுக்கு வருவதற்கு முன்பே யூஸ்நெட் என்ற விவாத வலையமைப்பு இருந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புது மாணவர்கள் சேருவார்கள். அவர்களுக்கு யூஸ்நெட் கணக்கு கிடைக்கும், கேட்ட கேள்வியையே கேட்பார்கள். பழைய ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரிரு மாதம் சொல்லிக் கொடுப்பார்கள். 1993-க்குப் பிறகு வணிக இணைய நிறுவனங்கள் வழியாக ஆண்டு முழுவதும் புதியவர்கள் வரத் தொடங்கியதும், "செப்டம்பர் முடியவே இல்லை" என்று நொந்துகொண்டார்கள். முடிவில்லாத செப்டம்பர் என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நீங்கள் இன்று படும் பாடு அதுதான்.

ஆனால் அதே யூஸ்நெட்டில் சி என்ற நிரல்மொழிக்கான குழுவில் ஸ்டீவ் சம்மிட் என்பவர் செய்த காரியத்தைப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக, முழுமையாகப் பதில் எழுதினார். 1990-ல் தொடங்கிய அந்தத் தொகுப்பைத் தொடர்ந்து திருத்தி, அவ்வப்போது குழுவிலேயே போட்டுவந்தார். பாயின்டருக்கும் அரேக்கும் என்ன வித்தியாசம் என்று குழம்பியவர்கள் பல வருடங்களுக்குப் பிறகும் அதைத்தான் தேடிப் போனார்கள். ஒரே கேள்வி நூறு தடவை வருகிறது என்றால், கேட்பவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்று அர்த்தம் ஆகாது. அந்த இடத்தில் கற்பவர்கள் எல்லாருக்கும் கால் இடறுகிறது என்று அர்த்தம். அங்கே ஒரு நல்ல விளக்கம் எழுதி டெலிகிராம் குழுவின் மேலேயே நிற்கும்படி பின் (pin) செய்து வைத்துவிட்டால், அடுத்த முறை அந்த இணைப்பைக் கொடுத்து, "இதில் இரண்டாவது பத்தி உங்களுக்கானது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வெறும் இணைப்பைத் தூக்கிப் போடுவதைவிட அந்த ஒரு வரி அதிகம் உதவும்.

சரி, அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் அதிகம் யோசித்தது அதைப் பற்றித்தான். "எரரைப் படி" என்றீர்கள். அவன் படித்திருக்கிறான். மாட்யூல் இல்லை என்று எரர் சொல்கிறது, ஆனால் அவன் அதை இன்ஸ்டால் செய்திருக்கிறான். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக முடியும் என்பதுதான் அவன் கேள்வி. எரரை எத்தனை முறை படித்தாலும் ஆரம்பநிலையில் இருப்பவருக்கு அதில் விடை கிடைக்காது. கம்ப்யூட்டரில் இரண்டு பைத்தான் இருக்கலாம், பிப் ஒன்றில் நிறுவியிருக்கும், கோட் இன்னொன்றில் ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். அவனுக்கு அப்படி ஒரு சாத்தியம் இருப்பதே தெரியாது. தெரியாத ஒன்றை கூகுளில் என்னவென்று தேடுவான்? நீங்கள் இப்படி எழுதியிருக்கலாம்: "நீங்கள் கோடை ஓட்டும் அதே பைத்தானை வைத்து 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்' என்று கொடுத்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் சிஸ் டாட் எக்ஸிக்யூட்டபிளை (எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று காட்டுவது) பிரிண்ட் செய்து என்ன வருகிறது என்று இங்கே போடுங்கள்." நீங்கள் எழுதியதைவிட இது இரண்டு வரிதான் அதிகம். நீங்கள் கோபத்தில் எழுதிய பதில் கடுமையாக இருந்தது ஒரு பக்கம். தொழில்நுட்ப ரீதியாகவும் அது சரியான பதிலாக இல்லை. களைப்பில் இருக்கும்போது நாம் கேள்வியை முழுதாகப் படிப்பதில்லை.

"கூகுள் பண்ணத் தெரியாதா" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நியூயார்க்கில் ரிகர்ஸ் சென்டர் என்று ஓர் இடம் இருக்கிறது. புரோகிராமர்கள் சில வாரங்கள் தங்கள் திறமையை வளர்த்துக்கொள்ளச் சேரும் இடம் அது. 2011-ல் தொடங்கினார்கள். அங்கே பழகுவதற்கென்று சில எளிய விதிகள் உண்டு. அவற்றில் ஒன்று, யாராவது ஒன்றைத் தெரியாது என்றால் ஆச்சரியப்படுவதுபோல் காட்டக் கூடாது. "என்னது, இதுகூடத் தெரியாதா?" என்ற கேள்வியால் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. சொல்பவருக்கு ஒரு கணம் உயரம் கூடுகிறது, கேட்பவர் அடுத்த முறை வாயைத் திறப்பதில்லை. இன்னொரு விதி, பேச்சின் போக்குக்குத் தேவையில்லாத சின்னச் சின்னத் தவறுகளைத் திருத்திக்கொண்டிருக்கக் கூடாது என்பது. அரைகுறைப் பதில்களைத் திருத்துவது பற்றிக் கேட்டீர்கள். அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் இதுதான். ஒருவர் சொன்ன பதிலால் கேட்டவரின் டேட்டா அழியும், பாஸ்வேர்டு வெளியே போகும், அல்லது அவர் முற்றிலும் தவறான வழியில் போய்விடுவார் என்றால் உடனே திருத்துங்கள். ஃபார் லூப்புக்குப் பதில் அதே வேலையைச் சுருக்கமாகச் செய்யும் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் எழுதியிருக்கலாம் என்பதற்காக ஒரு புதியவரின் முதல் பதிலில் கைவைக்காதீர்கள். பதில் சொல்லத் துணிந்த அந்த ஆள்தான் நாளைக்கு உங்கள் பாரத்தில் பாதியைச் சுமக்கப் போகிறவர்.

அப்புறம், அந்த 'படி'. தமிழ்க் குழுக்களில் இது தனிச் சிக்கல். முன்பின் தெரியாத ஒருவரை ஒருமையில் பேசினால் நம் ஊரில் அதன் சூடே வேறு. வயதில் சின்னவன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். கடித்துத் துப்பியது போலத்தான் அவன் காதில் விழுந்திருக்கும். 'படிச்சுப் பாருங்க' என்று எழுதியிருந்தால் அதே கண்டிப்பு பாதியாகக் குறைந்திருக்கும்.

இப்போது உங்கள் டீமில் இருக்கும் பெண். அவர் சொன்னதைத்தான் இந்தக் கடிதத்தின் மையமாக நான் பார்க்கிறேன். நீங்கள் ஒருவனுக்குப் பதில் எழுதினீர்கள். படித்தவர்கள் குழுவில் இருந்த எல்லாரும். அவர்களில் பெரும்பாலோர் வாய் திறக்காதவர்கள். தாங்கள் கேட்டால் என்ன நடக்கும் என்பதை மற்றவர்களுக்குக் கிடைக்கும் பதிலை வைத்து அளந்துகொள்கிறவர்கள். போனவன் போனது உங்களுக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பெண் வந்து சொன்னது எவ்வளவு துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள். தன் சீனியரிடம், நேருக்கு நேர்.

இது பெரிய இடங்களில் எல்லாருக்கும் முன்னால் நடந்த கதைதான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பற்றிய விவாதங்களில், அதை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸின் வசைகள் பெயர் பெற்றவை. யுஎஸ்பி 3.0-க்கான டிரைவரை எழுதிய கெர்னல் நிரலாளர் ஒருவர், வசைபாடுவதை நிறுத்துங்கள் என்று 2013-ல் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். 2015-ல், தான் கெர்னல் வேலையை விட்டுவிட்டதாகவும், அங்குள்ள பேச்சு முறைதான் காரணம் என்றும் அறிவித்தார். அவ்வளவு ஆழமான வேலை தெரிந்த ஒருவரை இழப்பது சாதாரண இழப்பா? 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸே மன்னிப்புக் கேட்டார். மின்னஞ்சல்களில் தான் ஆட்களைத் தாக்கி எழுதியது தேவையற்றது என்று ஒப்புக்கொண்டு, பிறரின் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி தேடப் போவதாகச் சொல்லி, சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அந்த இடைவெளியில் கெர்னலின் 4.19 பதிப்பை இன்னொரு மூத்த நிரலாளரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் வெளியிட்டார். டோர்வால்ட்ஸ் திரும்பி வந்தார், மோசமான கோடை இன்றும் நிராகரிக்கிறார். கண்டிப்பாக இருப்பதற்கு ஆளை அவமதிக்கத் தேவையில்லை. "இந்த ஃபங்ஷன் தவறு, இந்த உள்ளீடு வந்தால் உடையும்" என்று எவ்வளவு அழுத்தமாகவும் சொல்லுங்கள். கோடைப் பற்றிப் பேசும்வரை ஆபத்தில்லை.

அதே 2018-ல்தான் புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் தன் தளம் புதியவர்களையும் பெண்களையும் வரவேற்கும் இடமாக இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. முதல் முறை கேட்பவரின் கேள்விக்குக் கீழே, இவர் புதியவர், பரிவோடு பதில் சொல்லுங்கள் என்ற குறிப்பைக் காட்டத் தொடங்கினார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அங்கே வரும் கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் திட்டாமல் பதில் சொல்லும் ஒன்று கிடைத்ததும் பலர் அந்தப் பக்கம் போனதில் எனக்கு வியப்பில்லை. உங்கள் குழுவிலும் அதுதான் நடக்கும். அப்படிப் போகிறவர்களுக்குத் தவறான பதில் கிடைத்தால் அதைத் தவறு என்று சொல்ல மனிதர் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள் என்பதுதான் என் கவலை.

கேள்வி கேட்பவர்களுக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த வாசகரின் மனக்குறை உண்மையானது. எரரைப் படமாக அனுப்பாமல் காப்பி செய்து ஒட்டுங்கள். காலேஜ் லேபில் இணையம் இல்லாமல், கையில் செல்போன் மட்டும் இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள். என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். உங்கள் அவசரம் உங்களுடையது, பதில் சொல்பவர் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர் இல்லை. சரியாகிவிட்டால் திரும்பி வந்து, எது சரிசெய்தது என்று எழுதுங்கள். அதுவே நன்றி, அடுத்து தேடி வருபவருக்கு அதுவே விடை.

மறுபடி உங்களிடம் வருகிறேன், நண்பரே. பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எந்தக் கேள்வியும் உங்கள் கடன் அல்ல. ஆபீஸில் மோசமான நாளா, குழுவை மியூட் செய்துவிட்டுத் தூங்கப் போங்கள். பதில் வராத கேள்வியை ஒருவர் நாளைக்கு மறுபடி கேட்கலாம். சுடுசொல் வாங்கியவர் மறுபடி கேட்பதில்லை.

அந்தப் பையன் போய்விட்டான், ஆனால் நீங்கள் எழுதியது குழுவில் இன்னும் கிடக்கிறது. அதற்குக் கீழேயே, அன்று கடுமையாகப் பேசிவிட்டேன், அது தவறு என்று ஒரு வரி எழுதி, அவன் கேட்டதற்குச் சரியான பதிலையும் போடுங்கள். நீளமாக விளக்கம் வேண்டாம். உங்கள் டீம் பெண்ணிடம், சொன்னதற்கு நன்றி என்று மட்டும் சொல்லுங்கள். இனிமேல் கேள், நான் இருக்கிறேன் என்று வற்புறுத்தாதீர்கள். அவர் எப்போதாவது குழுவில் ஏதாவது கேட்டால் முதல் ஆளாகப் பதில் எழுத ஓடாமல் கொஞ்ச நேரம் விடுங்கள். வேறு யாராவது சொல்கிறார்களா பாருங்கள். ஒருவரும் வரவில்லை என்றால் நீங்கள் எழுதுங்கள்.