மூன்று மாதம் மெக்சிகோ சிட்டியில்: ஸ்பானிஷ் கற்க வகுப்பா, வீதியா?

கேள்வி: மூன்று மாத விடுப்பில் மெக்சிகோ சிட்டிக்குப் போகிறேன். அங்கேயே ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள ஆசை. செல்போன் செயலியில் கொஞ்சம் படித்திருக்கிறேன். ஆனால் யாராவது பேசினால் ஒன்றும் பிடிபடுவதில்லை. வகுப்புக்குப் போனால் ஊரை அனுபவிக்க முடியாது, ஊர் சுற்றினால் மொழி வராது என்று குழப்பமாக இருக்கிறது. வாரம் ஒரு நகரமாகச் சுற்றிப் பார்க்கவும் ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கடைசி ஆசைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாரம் ஒரு நகரம் வேண்டாம். புது ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றேதான்: பெயர் என்ன, எந்த நாடு, எத்தனை நாள் தங்கல்? அந்தப் பத்து வாக்கியத்தையே மூன்று மாதமும் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஒரே பேட்டையில் தங்கினால், மூன்றாவது வாரத்தில் காய்கறிக்காரம்மா "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்பார். இறந்தகால வினைச்சொற்கள் வாயில் வரத் தொடங்குவது அப்போதுதான். பக்கத்து ஊர் பார்த்தே ஆகவேண்டுமென்றால் கடைசி மாதத்தில் ஒரு வார இறுதிக்குப் புவெப்லா போய் வாருங்கள். பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரம்.

தங்குமிடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கொந்தேசாவும் ரோமாவும் அழகான பகுதிகள்தான். ஆனால் வெளிநாட்டவர் ஏராளம். நீங்கள் ஸ்பானிஷில் கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வரும். நான் நார்வார்த்தேயையோ சாந்தா மரியா லா ரிபேராவையோதான் சொல்வேன்.

வகுப்பு வேண்டும், ஆனால் முதல் பாதிக்கு மட்டும். வினைச்சொற்கள் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுவதை யாராவது உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் நேரம் மிச்சம். அங்குள்ள தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகம், உனாம், 1921 முதல் வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் கற்பித்து வருகிறது. அதன் வளாகம் 2007-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. நூலகச் சுவர்கள் முழுக்க ஹுவான் ஓ'கோர்மன் அமைத்த கல் மொசைக். வகுப்புக்குப் போவதே ஊர் பார்ப்பதுதான் என்பது அங்கே போனால் புரியும்.

மதியச் சாப்பாட்டுக்கு ஃபோந்தா என்னும் சிறிய உணவகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தினமும் அங்கேயே போங்கள். கொமீதா கொர்ரீதா என்று வரிசையாகப் பரிமாறுவார்கள்: சூப், பிறகு சாதமோ பாஸ்தாவோ, பிறகு அன்றைய பதார்த்தம். என்னென்ன இருக்கிறது என்று பரிமாறுபவர் மடமடவென்று ஒப்பிப்பார். முதல் நாள் ஒன்றும் விளங்காது. பதார்த்தம்தான் மாறுமே தவிர, ஒப்பிக்கும் விதம் மாறாது; அதனால் காது தானாகப் பழகிவிடும். எழுந்து போகிறவர்கள் முன்பின் தெரியாத உங்களைப் பார்த்து "புரொவெச்சோ" என்பார்கள், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று. நீங்களும் சொல்லுங்கள்.

சாயங்காலம் டாக்கோ கடை, சோள ரொட்டியில் கறி வைத்து மடித்துத் தருவது. "கொன் தோதோ?" என்றால் வெங்காயம், கொத்தமல்லி எல்லாம் போடட்டுமா என்று அர்த்தம். பல கடைகளில் தின்று முடித்தபின்தான் காசு. எத்தனை சாப்பிட்டீர்கள் என்று உங்களையே கேட்பார்கள், நீங்கள் சொல்லும் கணக்கை நம்புவார்கள். எண்களைப் பழக இதைவிட மகிழ்ச்சியான வழி எனக்குத் தெரியாது. மெட்ரோவிலும் எண் பாடம் நடக்கும்: பெட்டிக்குள் ஏறும் வியாபாரிகள் "தியெஸ் பேசோஸ் லே வாலே, தியெஸ் பேசோஸ் லே குவெஸ்தா" என்று ராகம் போட்டுக் கூவுவார்கள். பத்து பேசோதான் விலை என்று அர்த்தம்; பேசோ அந்நாட்டு நாணயம். ஜென்மத்துக்கும் மறக்காது.

தெருவில் பழைய சாமான் வாங்கும் வண்டி வரும். ஒரு சிறுமியின் பதிவுசெய்த குரல் ஒலிபெருக்கியில் "ஸே கொம்ப்ரான் கொல்சோனெஸ்..." என்று இழுத்துக்கொண்டே போகும். மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு, துணி துவைக்கும் இயந்திரம், மைக்ரோவேவ் எல்லாம் அதில் வரிசையாக வரும். சன்னலோரம் நின்று கேளுங்கள்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷை அணுகாதீர்கள். தமிழிலிருந்து நேராகப் போனால் பாதை குறுகும். "மே குஸ்தா" என்பது அப்படியே "எனக்குப் பிடிக்கும்". எழுவாய் தேடித் திணற வேண்டியதில்லை. "வந்தேன்" என்றாலே நான் என்பது தெரிவதுபோல அங்கும் வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடும். நீ, நீங்கள் வேறுபாடும் உண்டு. ர, ற இரண்டையும் பிரித்து உச்சரிப்பவர் என்றால் உங்களுக்கு இன்னும் லாபம்: "பேரோ" என்றால் ஆனால், "பேறோ" என்றால் நாய். "அது" என்னும்போது வரும் மென்மையான த ஒலிதான், பக்கம் என்று பொருள்படும் "லாதோ"விலும்.

வேகமாகப் பேசினால் "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்" என்று கேளுங்கள்; மெதுவாகச் சொல்வார்கள். யாராவது ஆங்கிலத்துக்கு மாறினால் "எஸ்தோய் அப்ரெந்தியெந்தோ", கற்றுக்கொண்டிருக்கிறேன், என்று சொல்லிவிட்டு நீங்கள் ஸ்பானிஷிலேயே தொடருங்கள். பெரும்பாலும் அவர்களும் திரும்பி வந்துவிடுவார்கள்.