மாதம் இரண்டு பூசைதான் என்றால் படுத்த படுக்கையில் இருப்பவர்களை யார் பார்ப்பது?

கேள்வியின் சுருக்கம் இது: ஏற்காடு மலையில் ஒரு கத்தோலிக்கக் கிளைப்பங்கு (ஃபாதர் உள்ளூரில் தங்காத, ஒரு பெரிய பங்கைச் சேர்ந்த சிறு கோவில்). சுமார் 60 குடும்பங்கள், பெரும்பாலும் காப்பித் தோட்ட வேலை. ஃபாதர் மாதம் இரண்டு ஞாயிறுதான் வருகிறார். வயதானவர்களையும் நோயாளிகளையும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று ஊரில் மனக்கசப்பு. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நாற்பது பக்க நோட்டிலிருந்து தொடங்குங்கள். கிளைப்பங்கில் கவனிப்பு தவறிப்போவது பெரும்பாலும் அன்பு இல்லாததால் அல்ல, யார் கோவிலுக்கு வருவதில்லை என்பதை யாரும் எழுதி வைக்காததால்தான். வருகிறவர்களை எண்ணுவது சுலபம். முட்டி வலியால் ஆறு மாதமாகப் படி ஏறாத பாட்டியைக் கணக்கில் எடுக்கத்தான் நோட்டு வேண்டும்.

60 குடும்பங்களை 15 வீதம் நான்கு அன்பியங்களாக, அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுக்களாக, பிரியுங்கள். ஏற்கெனவே அன்பியம் இருந்தாலும் எல்லையைச் சரிபாருங்கள். எஸ்டேட் லைன் வீடுகள் எந்த அன்பியத்திலும் சேராமல் விடுபட்டிருப்பதுண்டு. ஒவ்வொரு அன்பியத்துக்கும் ஒரு பெண், ஒரு ஆண் என இருவர் பொறுப்பு. தனியாக யாரும் வீடு சந்திக்கப் போகக் கூடாது. பேச்சு வரும் என்பது ஒரு காரணம். இருட்டிய பிறகு இங்கே காட்டெருமை பாதையில் நிற்கும் என்பது இன்னொன்று. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிப்பு. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போவார்கள், சாயங்காலம்தான் வீட்டில் ஆள் இருக்கும். அந்த மாதங்களில் ஆறரை மணிக்கு மேல், டார்ச்சோடு, இரண்டு பேராகப் போங்கள்.

நோட்டில் எழுத வேண்டியவை: வீடு, நோயாளி பெயர், பார்த்துக்கொள்பவர் பெயரும் செல் நம்பரும், கடைசியாக நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கிய தேதி, கடைசியாக நோயில்பூசுதல் (குருவானவர் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது) பெற்ற தேதி. இவ்வளவு போதும். நோயின் பெயரை எழுதாதீர்கள். காசநோய், குடி, மனநலம் எல்லாம் ஒருமுறை நோட்டில் ஏறினால் அடுத்த வாரம் குழாயடிக்கு வந்துவிடும். மன்றாட்டில் பெயர் சொல்லி ஜெபிப்பதற்கும் அந்த வீட்டில் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

அடுத்தது நற்கருணை. மாதம் இரண்டு பூசை என்றால் இரண்டு வாய்ப்பு. பூசை முடிந்த கையோடு நேராக வீடுகளுக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்கு நற்கருணைப் பணியாளராக முறைப்படி அனுமதி பெற்றவர் தேவை. பங்குத்தந்தையிடம் இரண்டு பேரையாவது பரிந்துரைக்கச் சொல்லுங்கள். ஒருவர்தான் என்றால் அவருக்குக் காய்ச்சல் வந்த ஞாயிறு எல்லாம் நின்றுபோகும். நற்கருணை வைத்த சிமிழைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வழியில் டீக்கடையில் நிற்பது கூடாது. நேராகப் போய் நேராக வர வேண்டும்.

வீட்டில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன் தயாராக இருக்கட்டும். ஸ்பூன் எதற்கு என்று கேட்பார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது சிரமம். முதலில் நிமிர்த்தி உட்கார வைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். இருமினாலோ புரை ஏறினாலோ அன்றைக்கு நன்மை வேண்டாம், கூட இருந்து ஜெபித்துவிட்டு வந்தால் போதும். நன்றாக விழுங்கினால் அப்பத்தின் சிறு துண்டு மட்டும் கொடுத்து, பின்னால் தண்ணீர். ஒரு மணி நேர உபவாசம் நோயாளிக்கும் முதியவருக்கும் கிடையாது, அவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கும் கிடையாது. இது தெரியாமல் சர்க்கரை நோயாளியைக் காலையிலிருந்து பட்டினி போட்டு வைத்திருக்கும் வீடுகள் உண்டு. முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

நோயில்பூசுதல் விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. இதைக் குருவானவர் மட்டுமே கொடுக்க முடியும், உபதேசியாரோ (கோவில் காரியங்களைக் கவனிக்கும் பொதுநிலையினர்) சிஸ்டரோ கொடுக்க முடியாது. ஆனால் ‘அவஸ்தைப்பூசுதல்’ என்ற பழைய பெயர் மனதில் இருப்பதால், சாமியாரைக் கூப்பிட்டால் உயிர் போய்விடும் என்று பயந்து, நினைவு தப்பிய பிறகே கூப்பிடுகிறார்கள். நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே தெளிவாக்கிவிட்டது. பெரிய ஆபரேஷனுக்கு முன்பும் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம்.

இதற்கு இரண்டு ஏற்பாடுகள் உதவும். ஒன்று, செப்டம்பரில் முதியோர், நோயாளிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பூசையில் பூசுதல் வைப்பது. ஏன் செப்டம்பர்? அதற்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது மலைப்பாதை என்ன ஆனது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். நடக்க முடியாதவர்களைக் கூட்டிவர ஒரு ஜீப்புக்கு முந்தின வாரமே சொல்லிவையுங்கள். இரண்டு, 108-க்கு போன் போட்ட கையோடு அடுத்த போன் ஃபாதருக்கு. நோயாளியைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், வார்டு எண்ணையும் கட்டில் எண்ணையும் சொல்லுங்கள். மலையிலிருந்து அவர் இறங்கி வர முடியாவிட்டாலும் டவுனில் இருக்கும் குருவானவர் யாரையாவது அனுப்ப முடியும். வார்டு தெரியாமல் அந்த ஆஸ்பத்திரியில் ஆளைத் தேடினால் அரை நாள் போய்விடும்.

பிறந்த குழந்தை பிழைக்குமா என்ற நிலை வந்தால் ஃபாதருக்காகக் காத்திருக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, ‘தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்’ என்று சொல்லித் திருமுழுக்குக் கொடுக்கலாம். குழந்தை பிழைத்தால் மறுபடி ஊற்றுவது கிடையாது. அதனால் நாள், பெயர், சாட்சி மூன்றையும் எழுதி ஃபாதரிடம் கொடுங்கள்.

துக்க வீட்டில் முதல் மூன்று நாள் ஆளுக்குக் குறைவிருக்காது. முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகுதான் வீடு வெறிச்சோடும். பொறுப்பாளர்கள் போக வேண்டியது அப்போது. பேச வேண்டியதும் பக்தி மட்டுமல்ல: வாரிசுச் சான்றிதழ், விதவை உதவித்தொகை மனு, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம். கையெழுத்துப் போடத் தெரிந்த ஒருவர் கூடப் போனால் பாதிப் பாரம் குறையும்.

பணம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காது. திருவிழா வரி பாக்கி என்பதற்காகவே கோவிலுக்கு வராமல் ஒதுங்கும் குடும்பங்கள் உண்டு. வரி கட்டாதவன் வீட்டுச் சாவுக்கு மணி அடிக்க மாட்டோம் என்று சொல்கிற ஊர்களும் இருக்கின்றன. ஏழ்மையைக் காரணமாக வைத்து யாருக்கும் நற்கருணை, பூசுதல், திருமுழுக்கு போன்ற அருளடையாளத்தை மறுக்கக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம் 848. நோட்டில் வரி பாக்கிக் கணக்கை ஒருபோதும் எழுதாதீர்கள். நோயாளி உதவிக்குத் தனி உண்டியல், தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. கடனாகக் கொடுக்காதீர்கள். வாங்கியவர் திருப்பித் தர முடியாமல் வெட்கப்பட்டுக் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிடுவார். பஸ் செலவு, மருந்து என்று சின்னத் தொகையாக, இனாமாகவே கொடுங்கள்.

டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸ்தான் நோட்டைச் சரிபார்க்கச் சரியான நேரம். எல்லா வீட்டு வாசலிலும் நிற்பீர்கள் அல்லவா? பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டுப் பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு எது, பூட்டிக் கிடப்பது எது என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நோட்டு கோவில் அலமாரியில் பூட்டி இருக்கட்டும், சாவி உபதேசியாரிடம். பங்குத்தந்தை மாற்றலாகிப் போனால், புதியவர் வந்த வாரமே அதை அவர் கையில் கொடுத்து, முதல் ஐந்து வீடுகளுக்குக் கூடவே நடந்து போங்கள்.