கணக்கு பெயிலானா எஸ்பிஎம் சர்ட்டிபிகேட் கிடைக்காதா?

மலேசியா பேராக்ல சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டத்துலேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. மகன் பாரம் 5 (ஐந்தாம் படிவம்), அதோட முடிவுல எழுதற அரசாங்க பரீட்சைதான் எஸ்பிஎம், அதுக்கு முந்தி வச்ச ட்ரையல்ல கணக்கு 28 மார்க், மலாய் இலக்கணம் பூரா செவப்பு மை. வீட்டுக்கு வந்த டியூஷன் ஏஜெண்ட் ஒருத்தன், கணக்குல பெயிலானா சர்ட்டிபிகேட்டே தரமாட்டாங்க, பரீட்சைல வரப்போற ஸ்பாட் கேள்வி என்கிட்ட இருக்கு, 450 வெள்ளி (ரிங்கிட்)ன்னு சொல்லிருக்கான். 100 வெள்ளி முன்பணமும் குடுத்தாச்சாம். மிச்சத்த கட்டவா சார், இல்ல வீட்லயே எதாச்சும் பண்ண முடியுமான்னு கேக்கறாங்க.

கட்டாதீங்கம்மா. அவன் சொன்னது பொய். சர்ட்டிபிகேட்டுக்கு கட்டாயம் பாஸாக வேண்டியது பாசா மலாயுவும் (மலாய் மொழி) செஜாராவும்தான் (வரலாறு), செஜாரா 2013-லேர்ந்து. கணக்கு அந்த கணக்குலயே இல்ல. மேல படிக்க கணக்கு கேப்பாங்க, அதனால விட்டுடவும் முடியாது, ஆனா இப்ப மொதல்ல பயப்பட வேண்டியது மலாய்க்குத்தான்.

கணக்கு 1ஆம் தாள் 40 கேள்வி, ஒன்றரை மணி நேரம், ஒரு கேள்விக்கு ரெண்டேகால் நிமிஷம். தப்பா போட்டா மார்க் வெட்டமாட்டாங்க, அதனால ஒண்ணக்கூட காலியா விடக்கூடாது. கேள்வி மலாய்லயும் இங்லீஷ்லயும் சேர்ந்தே இருக்கும், ஒண்ணு புரியலன்னா இன்னொண்ண படிக்கட்டும்.

இன்னொன்னு, பையன் செய்யற தப்பு என்னன்னு கேள்வி போடறவனுக்கு நல்லாவே தெரியும், அந்த தப்பு விடையவும் நாலு விடையில ஒண்ணா வச்சிருப்பான். சப்பாத்து 20 சதவீதம் கழிவு போக 96 வெள்ளி, பழைய விலை என்னன்னு கேட்டா நம்ம பசங்க 96-க்கு 20 சதவீதம் கண்டுபிடிச்சு கூட்டி 115.20-ன்னு போடுவாங்க, அது ரெடியா அங்கயே உக்காந்திருக்கும், 'ஆ, விடை வந்துருச்சு'ன்னு சந்தோஷமா கருப்பாக்கிட்டு போயிடுவான். அதுக்கு பதிலா விடைய எடுத்து கேள்விக்குள்ள திருப்பி போட்டு பாக்க சொல்லுங்க. 120-ல 20 சதவீதம் 24, கழிச்சா 96, சரி. 115.20-ல கழிச்சு பாத்தா 92.16 வரும், தப்பு. மூளைய கசக்க வேணாம், திருப்பி போட்டா போதும்.

2ஆம் தாள்ல வழிமுறைக்கும் மார்க் இருக்கு, விடை தெரியலன்னாலும் தெரிஞ்ச வரைக்கும் எழுதட்டும். பாகம் சி-ல ரெண்டுல ஒண்ணுதான் செய்யணும், ரெண்டையும் செஞ்சு நேரத்த தொலைக்கறவன வருஷா வருஷம் பாக்கறேன். மண்டபத்துக்கு போறதுக்கு முந்தி கால்குலேட்டர்ல சைன் 30 அழுத்தி பாக்கணும், 0.5 வரணும், மைனஸ் 0.988-ன்னு வந்தா அது ரேடியன்ல கெடக்கு, டிகிரிக்கு மாத்திடுங்க.

இப்ப மலாய். நம்ம பசங்க அதிகமா மாட்டறது 'செமுவா பெலாஜார்-பெலாஜார்'. செமுவான்னா எல்லா, பெலாஜார்னா மாணவர், ரெண்டு தடவ சொன்னா பன்மை. தமிழ்ல எல்லா மாணவர்களும்னு பன்மை வருதுல்ல, அதையே அங்க கொண்டு போறாங்க. செமுவா வந்தா பெலாஜார் ஒரு தடவதான், ஆளுங்கள பன்மையா சொல்ற 'பாரா'ங்கற வார்த்தைக்கும் அப்படித்தான். ஆனா தமிழே காப்பாத்தற எடமும் உண்டு. 'லேர்ந்து'ங்கறதுக்கு மலாய்ல டாரியா டாரிபாடாவான்னு குழம்பினா தமிழ்ல சொல்லி பாக்கட்டும். ஈப்போலேர்ந்து வந்தேன், அது டாரி. அம்மாகிட்டேர்ந்து வாங்கினேன், 'கிட்டேர்ந்து' வந்தா டாரிபாடா. மலாய் 'டி'-யும் அதே மாதிரிதான், ஸ்கூல்லன்னு எடம் வந்தா தனியா எழுதணும், செய்யப்பட்டதுன்னா வினையோட ஒட்டி எழுதணும்.

ஆனா டாரிபாடால ஒரு எடத்துல இந்த வித்தை காலை வாரிடும், கவனமா கேளுங்க. ஈப்போ சுங்கை சிப்புட்ட விட பெரிய டவுன்னு எழுதணும். சுங்கை சிப்புட் எடம்தானேன்னு பையன் 'லெபே பெசார் டாரி' (லெபேன்னா இன்னும் அதிகமா, பெசார்னா பெரிய) போட்டுடுவான். தப்பு. ரெண்ட ஒப்பிட்டு 'விட'ன்னு சொன்னா எடமோ, ஆளோ, ஆடோ, மாடோ, எதுவா இருந்தாலும் டாரிபாடாதான். லெபேன்னு ஒரு வார்த்தைய பாத்தாலே கை தானா டாரிபாடா எழுதணும், அந்த அளவுக்கு பத்து வாக்கியமாச்சும் எழுத வைங்க. திரும்ப திரும்ப இதையே சொல்றேன்னு நினைக்காதீங்க, எங்கிட்ட வர்றவங்கள்ள முக்காவாசி இங்கதான் வழுக்கறாங்க.

கல்வி அமைச்ச ஒண்ணு கேக்கறேன், இந்த பையனுக்கு டாரிபாடா தெரியலன்னு 11 வருஷமா யாருக்குமே தெரியலியா? ஆறாம் ஆண்டு பரீட்சை யூபிஎஸ்ஆர 2021-ல எடுத்தாச்சு, பாரம் 3 பரீட்சை பிடி3-ய 2022-ல எடுத்தாச்சு, நல்லதுதான், பிள்ளைங்களுக்கு பாரம் கொறைஞ்சது, ஆனா அதுக்கு பதிலா தோட்டத்து பள்ளிக்கூடத்துல எவன் எங்க பின்தங்கறான்னு பாக்க என்ன வச்சீங்க? பதினேழு வயசுல மொத தடவையா பெரிய பரீட்சைல உக்கார வச்சுட்டு பெயில்னு கையில குடுக்கறீங்க. அந்த இடைவெளிலதான் இந்த ஏஜெண்டுங்க வந்து கடை போடறானுங்க.

ஸ்பாட் கேள்வி சமாச்சாரம் என்னன்னா, மத்த மாநிலத்து ட்ரையல் பேப்பர டவுன்லோட் பண்ணி பிரிண்ட் போட்டு விக்கறது. அது ஓசிலயே கிடைக்குது, தேர்வு வாரியத்தோட வெப்சைட்ல கேள்வித்தாள் அமைப்பும் இருக்கு. இல்ல, நெஜமாவே லீக்கான பேப்பர்னு சொன்னான்னா அத வச்சிருக்கறதே அரசாங்க ரகசிய சட்டத்துல குத்தம். 2014-ல யூபிஎஸ்ஆர் பேப்பர் லீக்காகி மறுபடி உக்காந்து எழுதினது பிள்ளைங்கதான், வித்தவன் இல்ல.

அந்த 100 வெள்ளிக்கு ரசீது இருக்காம்மா? இல்லன்னாலும் அவன் அனுப்பின வாட்ஸ்அப்ப அழிச்சிடாதீங்க, கட்டாய பாஸ்னு பொய் சொன்ன மெசேஜ் இருந்தா அதையும் வச்சுக்குங்க. திருப்பி கேளுங்க. தரலன்னா பயனீட்டாளர் டிரிபியூனல்ல மனு போட 5 வெள்ளிதான், வக்கீல் வேணாம்.