அபிசியஸின் கோழியும் நம் பெருங்காயமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'அபிசியஸ்' என்ற பழைய ரோமானியச் சமையல் நூலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்தப் 'பார்த்தியக் கோழி'யைச் செய்துபார்த்தேன். மூலத்தில் அளவே இல்லை. மீன்சாறுக்குப் பதில் உப்பு, கேரவே என்ற சீரகம் மாதிரி விதைக்குப் பதில் சீரகம், ஒயினுக்குப் பதில் எலுமிச்சை, பெருங்காயத்துக்கு டப்பாவில் வரும் தூள். காரம் போதாதென்று இரண்டு பச்சைமிளகாய் வேறு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் மனைவி, "இது நம்ம மிளகுக் கோழிதானே?" என்றாள். இப்படி மாற்றிச் செய்தால் அது ரோமானியச் சமையல் ஆகுமா? அடுத்து திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி டெஃப்ருடம் செய்ய ஆசை. பாட்டியின் ஈயச்சொம்பு இருக்கிறது.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்,

உங்கள் மனைவிக்கு நல்ல நாக்கு.

பொருளை மாற்றுவதில் தப்பே இல்லை. ரோமானியர்களே மாற்றியவர்கள்தான். அவர்கள் உயிராக நினைத்த சில்ஃபியம் இன்றைய லிபியாவில், சைரீன் பகுதியில் விளைந்த செடி. அதன் பிசினை லாசெர் என்பார்கள். முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினியின் காலத்திலேயே அது அற்றுப்போய்விட்டது. கிடைத்த ஒற்றைத் தண்டை நீரோ மன்னனுக்கு அனுப்பினார்கள் என்று எழுதுகிறார். அப்புறம் பாரசீகப் பக்கத்திலிருந்து, அதாவது அன்றைய பார்த்தியாவிலிருந்து, வந்த மட்டமான சரக்கை வைத்து ஒப்பேற்றினார்கள். அதுதான் பெருங்காயம். அபிசியஸ் நூலில் ஒரு குறிப்பு 'சைரீன் லாசெர் அல்லது பார்த்திய லாசெர்' என்றே ஆரம்பிக்கிறது. அந்த 'அல்லது' நமக்கும் அனுமதிச் சீட்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சீரகம் ரோமில் தாராளமாக இருந்தது. வேண்டிய இடத்தில் நூல் அதைப் பெயர் சொல்லிக் கேட்கிறது. இந்தக் கோழிக்குக் கேட்பது கேரவே. கையில் சீரகம் இருந்தும் போடாத சமையல்காரனுக்கு நாம் சீரகம் போட்டுக்கொடுப்பது மாற்று ஆகாது, திருத்தம். உங்கள் கோழி ஊர் திரும்பியது இங்கேதான். பச்சைமிளகாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது அமெரிக்காவிலிருந்து வந்து சேர இன்னும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இருந்தது. எலுமிச்சையையும் விடுங்கள். ஒயின் வேண்டாமென்றால் திராட்சைச் சாற்றில் கொஞ்சம் வினிகர் கலந்துகொள்ளுங்கள். இரண்டுமே அவர்கள் அடுப்படியில் இருந்தவை.

மீன்சாறுதான் முக்கியம். லிக்வாமென் என்ற அந்த ரோமானிய மீன்சாறு உப்பு மட்டுமல்ல, புளித்த மீனின் ஆழமும் அதில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் மிளகு தனியாகக் கத்தும். தாய்லாந்து, வியட்நாம் மீன்சாறு புட்டியில் கிடைக்கிறது. நெத்திலி, உப்பு தவிர வேறு எதுவும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். பிறகு உப்பே போடாதீர்கள்.

டப்பாத் தூளில் பாதிக்குமேல் மாவும் பிசினும் இருக்கலாம். நாட்டு மருந்துக்கடையில் கலப்பில்லாத பால் பெருங்காயம் கேளுங்கள். ஒரு கிலோ கோழிக்குப் பட்டாணியில் பாதி போதும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொல்கிறது மூலம். அப்படியே செய்யுங்கள், எண்ணெயில் பொரிக்காதீர்கள். முதலில் வீடே நாறும். அரைமணி கொதித்தபின் அந்தப் பச்சைவாடை அடங்கி, வெங்காயமும் பூண்டும் வதங்கியதுபோல ஒரு மணம் வரும். நம் ரசத்து வாசனை அல்ல அது.

மற்றபடி என் அளவு: மிளகு ஒரு டீஸ்பூன், கேரவே அரை, மீன்சாறு இரண்டு டேபிள்ஸ்பூன், ஒயின் ஒரு டம்ளர். மூலம் கேட்கும் லவேஜ் என்ற மூலிகை இலை இங்கே கிடைப்பது கஷ்டம். அதற்குப் பதில் செலரி இலை ஒரு கைப்பிடி போதும். மண்சட்டியில் மூடிவைத்துச் சின்னத் தீயில் வேகவிடுங்கள். இறக்கியதும் மேலே மறுபடி மிளகு தூவச் சொல்கிறது குறிப்பு. மிளகுக்கு மட்டும் மாற்றே தேவையில்லை. சேரநாட்டு முசிறித் துறைமுகத்தில் கப்பலேறிப் போனது நம் பக்கத்து மலைச் சரக்குதான்.

பெருங்காயத்துக்கு இன்னொரு வித்தையும் அதே நூலில் இருக்கிறது. லாசெரை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இருபது பைன் பருப்போடு போட்டுவைக்க வேண்டும். வேண்டும்போது பருப்பை எடுத்து நசுக்கிச் சேர்த்துவிட்டு, எடுத்த கணக்குக்குப் புதுப் பருப்பைப் போட்டுவிட வேண்டும். பிசின் தீராது, வாசனை மட்டும் கிடைக்கும். விலை ஏறிய சரக்கை வைத்துக் குடும்பம் நடத்தியவர் யாரோ எழுதியது. எனக்கு அந்த நூலிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது.

டெஃப்ருடம் பற்றி: வெண்கலத்தில் காய்ச்சினால் களிம்பு ஏறும், காரீயப் பாத்திரத்தில் காய்ச்சுங்கள் என்று ரோமானிய வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா சொல்கிறார். திராட்சையின் புளிப்பு காரீயத்தைக் கரைத்து இனிப்பான நஞ்சாக்கும். பாட்டியின் சொம்பு வெள்ளீயமாகத்தான் இருக்கும். ஆனால் பழைய சொம்பில் காரீயம் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. தவிர, சாறு சுண்டிக் குறையும்போது சாறு படாத பக்கத்தில் தீ பட்டு வெள்ளீயம் உருகிவிடலாம். எவர்சில்வரில் வையுங்கள். கறுப்புத் திராட்சை, மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்வரை.