பெயருக்கு முன்னாலா, பின்னாலா?

“‘த ஸ்லீப்பிங் பாய்’ சரி என்கிறார்கள். ‘த சிட்டிங் கொயட்லி இன் த கார்னர் பாய்’ என்று எழுதினால் தவறு என்கிறார்கள். பார்ட்டிசிபிள், அட்வெர்ப், பிரெபொசிஷன் தொடர் மூன்றும் சேர்ந்து வரும்போது எதை எங்கே வைப்பது?” என்பது வாசகர் ஒருவரின் கேள்வி. ‘ஸ்லீப்பிங்’, ‘சிட்டிங்’ போல வினையிலிருந்து பிறந்து பெயர்ச்சொல்லை விவரிப்பது பார்ட்டிசிபிள். ‘கொயட்லி’ போல வினை எப்படி நடக்கிறது என்று சொல்வது அட்வெர்ப். ‘இன் த கார்னர்’ போல, ‘இன்’ மாதிரியான பிரெபொசிஷனில் தொடங்குவது பிரெபொசிஷன் தொடர்.

தமிழில் ஒரு பெயர்ச்சொல்லை விவரிக்க எத்தனை சொல் வந்தாலும் அத்தனையும் பெயருக்கு முன்னால் நிற்கும்: மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பையன். அந்தப் பழக்கம்தான் உங்கள் வாக்கியத்திலும் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் பார்ட்டிசிபிள் தனியாக வந்தால் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் வைக்கலாம். துணைக்கு ஒரு அட்வெர்ப் இருந்தால் அது பார்ட்டிசிபிளுக்கு முன் வரும்: ‘எ பேட்லி ரிட்டன் லெட்டர்’. பிரெபொசிஷன் தொடரும் ஒட்டிக்கொண்டால் மொத்தத்தையும் பெயருக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும்: ‘த பாய் சிட்டிங் கொயட்லி இன் த கார்னர்’.

இப்போது அந்தத் தமிழ்த் தொடரைக் கடைசிச் சொல்லிலிருந்து படித்துப் பாருங்கள். பையன், உட்கார்ந்திருக்கும், அமைதியாக, மூலையில். ஆங்கில வரிசை அப்படியே கிடைக்கிறது. எல்லா வாக்கியத்துக்கும் இது பொருந்தாது. ஆனாலும் எழுதப் பழகும்போது நல்ல பிடி.

இதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது, பார்ட்டிசிபிள் தொடர் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் இடம். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ நல்ல தமிழ். பெய்தது மழை, நிறைந்தது குளம். எழுவாய் மாறினாலும் நம் வினையெச்சம் இங்கே தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலம் தாங்காது. ‘வாக்கிங் ஸ்லோலி டுவர்ட்ஸ் த டோர், த லைட் வென்ட் அவுட்’ என்றால் கதவை நோக்கி விளக்கு நடந்ததாகிவிடும். கமாவுக்கு அடுத்து நடந்தவரே எழுவாயாக வர வேண்டும்: ‘வாக்கிங் ஸ்லோலி டுவர்ட்ஸ் த டோர், ஷி ஹர்ட் எ நாய்ஸ்’. ‘கன்சிடரிங்’, ‘ரிகார்டிங்’ போன்ற சில சொற்கள் பிரெபொசிஷனாகவே ஆகிவிட்டதால் அவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அப்புறம், அட்வெர்ப் இரண்டு வினைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஸ்டூடன்ட்ஸ் ரீடிங் குவிக்லி ஃபர்கெட்’ என்றால் வேகமாகப் படிக்கிறார்களா, சீக்கிரம் மறக்கிறார்களா? பிரெபொசிஷன் தொடரை அங்கே போட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்: ‘ஸ்டூடன்ட்ஸ் ரீடிங் இன் எ ஹரி ஃபர்கெட்’.