முப்பதாவது குண்டுக்குப் பிறகு ஏன் சிதறுகிறது?

கேள்வி: நான் கல்லூரி மாணவி. ஓராண்டுக்கு மேலாக 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சி எடுத்து வருகிறேன். வலக்கைப் பழக்கம் உள்ளவள். அறுபது குண்டுகளில் முதல் முப்பது வரை சராசரி குண்டுக்கு 10.3 புள்ளி அளவில் இருக்கிறது. அதன் பிறகு குண்டுகள் வலப்புறமாகவும் கீழ்நோக்கியும் நகர்ந்து 9.5க்கு இறங்கிவிடுகின்றன, இடையில் ஓர் 8ம் விழுகிறது. சைட்டை, அதாவது ரைபிளின் குறிபார்க்கும் கருவியை, திருத்தினால் நான்கைந்து குண்டுகள் சரியாகின்றன, பிறகு மீண்டும் பழைய கதைதான். விலை உயர்ந்த பெல்லட்டும் (ஏர் ரைபிள் குண்டு) புதிய ஜாக்கெட்டும் வாங்கினால் இது தீருமா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதிலேயே காரணத்துக்கான தடயம் இருக்கிறது. பெல்லட் தரக்குறைவாக இருந்தால் முதல் குண்டிலிருந்தே எல்லாத் திசைகளிலும் சிதறும். முப்பது குண்டுகள் வரை பொறுத்திருந்து ஒரே திசையில் நகராது. நேரம் செல்லச் செல்ல ஒரே பக்கமாக நகர்வது, உடல் களைத்துத் தன் இயல்பான நிலைக்குத் திரும்புவதன் அடையாளம். சைட்டைத் திருத்தியதும் சில குண்டுகள் மட்டும் சரியாவதற்கும் காரணம் இதுவே: நீங்கள் சைட்டைத் திருத்திய பின்னரும் உடல் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இந்த விளையாட்டின் அளவுகளை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். இலக்கின் நடுப்புள்ளி அரை மி.மீ. விட்டம்தான். 4.5 மி.மீ. பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் 10.0, அதற்குப் பிறகு ஒவ்வொரு தசமப் புள்ளியும் கால் மி.மீ. ஆகவே உங்கள் 10.3க்கும் 9.5க்கும் இடையே உள்ள தூரம் வெறும் 2 மி.மீ. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச்சுற்றில் கடைசிக் குண்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனும் சமநிலையில் இருந்தார்கள், பிந்த்ரா 10.8 சுட்டுத் தங்கம் வென்றார், ஹாக்கினன் 9.7 சுட்டு வெண்கலத்துக்கு இறங்கினார். அந்த வித்தியாசத்தை அளந்தால் 3 மி.மீ.கூட வராது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய 80 செ.மீ. இருக்கும் ரைபிளில், அவை ஒன்றுக்கொன்று 0.2 மி.மீ. விலகினாலே குண்டு இலக்கில் 2.5 மி.மீ. விலகிவிடும். இவ்வளவு நுண்மையைக் கைத்தசையால் அறுபது முறை பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. எலும்பின் மேல் ரைபிளை ஓய்வாக வைத்தால் மட்டுமே முடியும்.

எனவே நீங்கள் சரிபார்க்க வேண்டியது உங்கள் உடல் தானாக எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதைத்தான். வழக்கம்போல் நின்று, இடது முழங்கையை இடுப்பின் மேல் பதித்து, கன்னத்தை ரைபிளின் பின்கட்டையில் வைத்துக் குறிபாருங்கள். பிறகு கண்களை மூடி, இரண்டு முறை இயல்பாக மூச்சு விட்டு, தோள்களையும் வலது கையையும் தளர விடுங்கள். கண்களைத் திறக்கும்போது முன் சைட்டின் வளையம் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உடலின் உண்மையான குறி. அது கறுப்பு வட்டத்துக்கு வலப்புறமாகவும் கீழாகவும் இருக்கும் என்பது என் கணிப்பு. அப்படியானால் முதல் முப்பது குண்டுகளையும் நீங்கள் தோளால் இடப்பக்கம் இழுத்துப் பிடித்தே சுட்டிருக்கிறீர்கள்; தோள் களைத்ததும் ரைபிள் தன் இடத்துக்குப் போய்விடுகிறது.

இதைக் கையால் திருத்தக் கூடாது, காலால் திருத்த வேண்டும். இடது பாதத்தை அசைக்காமல், வலது பாதத்தை விரல்கள் நோக்கும் திசையில் ஒரு செ.மீ.க்கும் குறைவாக முன்னே நகர்த்துங்கள். உடல் முழுவதும் ஒன்றாக இடப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் விலகியிருந்தால் பாதத்தைப் பின்னே நகர்த்த வேண்டும். பாதத்தின் சிறு நகர்வே பத்து மீட்டருக்கு அப்பால் பெரிய விலகலாகிவிடும் என்பதால், பெரும்பகுதியைப் பாதத்தால் சரிசெய்த பின், மிச்சத்தைக் குதிகாலை இம்மியளவு திருப்பித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் கண்களை மூடித் திறக்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் போட்டிக்கு முன் தயாரிப்புக்கும் சோதனைக் குண்டுகளுக்குமாக 15 நிமிடம் தரப்படுவது இதற்கும் சேர்த்தே. பலர் அந்த நேரத்தைச் சோதனைக் குண்டுகளிலேயே கரைத்துவிடுகிறார்கள்.

கீழ்நோக்கிய நகர்வுக்கு வேறு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். நேரம் ஆக ஆக இலக்குப் பக்கம் தள்ளி நிறுத்தியிருந்த இடது இடுப்பு தளர்ந்து உள்ளே வரும். அதன் மேல் இருக்கும் முழங்கையும் சேர்ந்து இறங்கும். கழுத்து களைத்தால் தலையின் பாரம் கட்டையின் மேல் கூடி, கன்னத்தின் அழுத்தம் மாறும். முப்பதாவது குண்டுக்குப் பிறகு யாரையாவது உங்களைப் பக்கவாட்டில் நின்று கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லி, ஐந்தாவது குண்டின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடுப்பு இறங்கியிருப்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். நிலை தொடக்கத்திலிருந்தே தாழ்வாக அமைந்திருந்தால், இடது கையை விசைக்காப்பை (டிரிகரைச் சுற்றியுள்ள காப்பை) நோக்கிச் சற்றுப் பின்னே கொண்டுவந்தால் குழல் உயரும்.

இடையில் விழும் அந்த 8 தனிக்கதை. அது பெரும்பாலும் அளவுக்கு மேல் குறிபார்த்ததன் விளைவு. மூச்சை இயல்பாக வெளியே விட்டு நிறுத்திய பின், ஆறு முதல் எட்டு நொடிக்குள் விசை விடுபட வேண்டும். அதற்கு மேல் போனால் பார்வை மங்கும். மங்கிய உருவத்தையே தெளிவானதாக எண்ணிக் கண் ஏமாறும். பிறகு 'இப்போது' என்று விரல் வெடுக்கென இழுத்துவிடும். எட்டு நொடியில் விடுபடாத குண்டைக் கைவிட்டு, ரைபிளை ஸ்டாண்டில் இறக்கி வைத்து, மறுபடி தொடங்குங்கள். 75 நிமிடத்தில் 60 குண்டுகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றேகால் நிமிடம் கிடைக்கிறது. கைவிடுவதற்குத் தாராளமாக நேரம் உண்டு. முன் சைட்டின் வளையம் மிகச் சிறியதாக இருந்தாலும் இதே தொல்லை வரும். கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை தெளிவாகத் தெரியும்படி 4 மி.மீ. அல்லது அதற்குச் சற்றுப் பெரிய வளையத்தைப் போட்டுப் பாருங்கள். இடது கண்ணை இடுக்க வேண்டாம். விதிகள் அனுமதிக்கும் 30 மி.மீ. அகல மறைப்பு போதும்.

வீட்டில் செய்வதற்கு, பெல்லட் இல்லாமல் விசையை இழுத்துப் பழகும் டிரை ஃபயர் பயிற்சியைவிடச் சிறந்ததாக நான் எதையும் கருதவில்லை. அறையில் பெல்லட் டப்பாவே இருக்கக் கூடாது; குழல் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். தொடக்கத்தில் வெள்ளைச் சுவரை நோக்கி, இலக்கே இல்லாமல், விசையை மட்டும் கவனியுங்கள்: விரல் நுனியின் சதைப்பகுதி, நேராகப் பின்னோக்கிய அழுத்தம், விசை நகர்வின் முதல் கட்டம் முழுவதும் எடுத்த பிறகே இரண்டாவது கட்டம். விசை விடுபட்ட பின்னும் இரண்டு நொடி அதே நிலையில் நில்லுங்கள். ஏர் ரைபிளின் பெல்லட் மெதுவானது, வினாடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர். அது குழலை விட்டு வெளியேறும் முன் நீங்கள் அசைந்தால் அசைவு குண்டோடு போய்விடும்.

கருவிகளில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். காற்று உருளையின் அழுத்தம் போட்டியின் பிற்பகுதியில் மிகவும் இறங்கிவிடுகிறதா, பின் சைட்டின் திருகு தளர்ந்திருக்கிறதா, உருளையின் காலாவதித் தேதி கடந்துவிட்டதா என்று பாருங்கள். பெல்லட்டை மாற்றியே தீர வேண்டும் என்று தோன்றினால், ரைபிளைப் பிடிச்சட்டத்தில் இறுக்கி, இரண்டு மூன்று வகைகளைப் பத்துப் பத்தாகச் சுட்டு, எந்த வகையின் குண்டுகள் இலக்கில் நெருங்கி விழுகின்றன என்று பார்த்த பிறகே வாங்குங்கள். ஜாக்கெட் முதுகையும் இடுப்பையும் தாங்கும். தவறான திசையில் நிற்கும் உடலை அது திருத்தாது, அந்தத் தவறான நிலையிலேயே இன்னும் இறுக்கமாக நிறுத்தும்.

சைட்டை எப்போது தொடலாம்? திரையைப் பார்ப்பதற்கு முன், குண்டு எங்கே விழுந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் சொல்லிவிட்டு, பயிற்சியின்போது அதைக் குறிப்பேட்டிலும் எழுதி வையுங்கள். நடுவில் என்று நீங்கள் சொன்ன ஐந்து குண்டுகள் தொடர்ந்து ஒரே பக்கம் ஒரே அளவு விலகி விழுந்து, கண்களை மூடித் திறக்கும் சோதனையில் வளையம் நடுவிலேயே நின்றால், அப்போது சைட்டைத் திருத்தும் க்ளிக்கைத் திருப்புங்கள். நீங்களே 'வலது' என்று சொன்ன குண்டு வலப்புறம் விழுந்திருந்தால், பாதத்தைப் பாருங்கள்.